முதலில் வயதைக் கேள்

எலியின் மண்டையோட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது கடைவாய்ப் பற்களை. நீளமும் அகலமும் அப்புறம்தான். மேல்தாடையைத் திருப்பிப் பிடித்து, பல்லின் மேடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று லென்ஸ் வழியாகப் பார்ப்பேன். மேடுகள் கூர்மையாக நின்றால் அது இளசு. எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் தந்தினி பட்டைபட்டையாகத் தெரிந்தால் நடுவயது. பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து, பல்லின் பரப்பு குழிந்துவிட்டால் கிழம். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்த ஆசிரியர், "முதல்ல வயசைக் கேளு, அப்புறம் ஊரைக் கேளு, இனத்தைக் கடைசியாக் கேட்டுக்கலாம்" என்பார். பல ஆண்டுகளாக எலி மண்டையோடுகளைச் சுத்தம் செய்து, எண் எழுதி, அளந்துவருகிறேன். அந்த வரிசையின் நியாயம் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக விளங்குகிறது.

நான் வேலை பார்ப்பது காவிரிப் படுகையின் நெல்வயல்களிலும், அதற்கு மேற்கேயும் தெற்கேயும் விரியும் புன்செய் நிலங்களிலும். இங்கே நான்கு எலிகள் முக்கியமானவை. வரப்பைக் குடைந்து, கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்துவைப்பது கரம்பை எலி. அறிவியல் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். வளர்ந்த எலியின் மண்டையோடு ஏறத்தாழ 4 செ.மீ. இருக்கும். மிருதுவான மயிருள்ள புல்லெலி மில்லார்டியா மெல்டாடா. வயல் சுண்டெலி மஸ் பூடுகா. அதன் மண்டையோடு 2 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. செம்மண் நிலத்தில் வளை தோண்டுவது வெள்ளெலி, டட்டேரா இண்டிகா. வால்நுனியில் முடிக்குஞ்சமும் மேல் வெட்டுப்பற்களில் நீளவாக்கில் ஓடும் பள்ளமும் வெள்ளெலியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எலி பிடிக்க எனக்கு வழிகாட்டியவர்கள் இருளர்கள். வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எந்த எலி, குட்டி போட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். "மண்ணு ஈரமா வெளிய கெடக்குது பாருங்க சார், ராத்திரி வேல நடந்திருக்கு. உள்ள தாயும் குட்டியும் இருக்கும்" என்று ஒரு பெரியவர் சொன்னால், தோண்டும்போது அப்படியே இருக்கும். ஒரே வளையில் தாயையும் குட்டிகளையும் சேர்த்துக் காட்டும் அந்தத் திறமை, வளர்ச்சியைப் படிக்கிறவனுக்குப் பெரிய கொடை. டெல்டாவில் கிட்டி வைப்பவர்களும் உதவுவார்கள். மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டியில் மண்டை உடையாமல் எலி கிடைத்துவிடும். கம்பி அடிக்கும் கடைப் பொறியில் பின்மண்டை நொறுங்கி, அளக்க வேண்டிய இடமே போய்விடும்.

கூகை கக்கிய உருண்டைகளையும் சேகரிப்பேன். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக வெளியே தள்ளுகிறது. பழைய கோவில் மாடத்துக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் கீழ்த்தாடைகளும் பற்களும் அப்படியே வரும். ஆனால் பெரிய எலிகளில் குட்டிகளும் இளசுகளும்தான் கூகைக்கு வசதி. ஆகவே உருண்டையில் கிடைக்கும் கரம்பை எலித் தாடைகளை வைத்து அந்த ஊரின் கரம்பை எலியே சிறியது என்று முடிவுகட்டக் கூடாது. அங்கேயும் முதல் கேள்வி வயதுதான்.

கையுறை இல்லாமல் நாங்கள் எலியைத் தொடுவதில்லை; எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவும். எடை, உடல் நீளம், வால், பின்னங்கால், காது, ஆணா பெண்ணா, கருவுற்றிருக்கிறதா என்பதையெல்லாம் உடல் இளஞ்சூட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். பிறகு தோல் ஒரு பக்கம், மண்டை ஒரு பக்கம். மண்டையை வேகவைத்தால் இளசுகளின் எலும்புகள் பொருத்துகளில் விட்டுப்போகும், பற்கள் உதிரும். அதனால் டெர்மெஸ்டிட் என்ற வண்டின் புழுக்களிடம் கொடுத்துவிடுகிறோம். இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள பெட்டியில் அவை சுண்டெலி மண்டையை ஓரிரு நாளில் துப்புரவாக்கிவிடும். கன்ன வளைவின் மெல்லிய எலும்புகூட அசையாமல் இருக்கும். மூளையைப் பின்துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எடுத்து, காயவைத்து, எலும்பிலேயே இந்திய மையால் எண் எழுதிச் சின்னக் குப்பியில் போட வேண்டும். இந்த வேலையில் அவசரம் ஆகாது. எண் அழிந்த மண்டையோடு எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியாத எலும்பு. அதைக் கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

இவ்வளவு பாடுபட்டு அளப்பது எதற்கு? ஒரே இனத்து எலிகளுக்குள் மண்டை ஏன் வேறுபடுகிறது என்று அறிவதற்கு. அந்த வேறுபாட்டைப் படிக்க மண்டையோடு எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். அது ஒரே எலும்பு அல்ல. ஒரே நாளில் ஆனதும் அல்ல. மண்டையின் அடித்தளம் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றி, பிறகு எலும்பாகிறது. மேல்கூரை குருத்தெலும்பு இல்லாமல், சவ்விலிருந்தே நேராக எலும்பாகிறது. கூரையிலேயும் நெற்றி எலும்பு கருவின் நரம்பு முகட்டு உயிரணுக்களிலிருந்தும், அதற்குப் பின்னாலுள்ள உச்சி எலும்பு இடைப்படையிலிருந்தும் வருகின்றன. சுண்டெலிக் கருவில் 2002-இல் இதைக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் பொருந்தியிருக்கும் இரண்டு எலும்புகளின் பூர்வீகமே வேறு.

ஒரே வயலில் வெவ்வேறு மாதம் விதைத்த பயிர்கள்போல மண்டையோட்டின் பகுதிகளும் வெவ்வேறு காலத்தில் முற்றுகின்றன. மூளைக்கூடு மூளையைத் தொடர்ந்து வளர்வது. எலிக்கு மூளை பால்குடி மறக்கும் காலத்துக்குள் பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. முகம் அப்படியல்ல. மூக்கெலும்பும், வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள பல்லில்லாத இடைவெளியும் மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போகும். அதனால் குட்டியின் மண்டை உருண்டையாகவும் முகம் குட்டையாகவும், கிழ எலியின் முகம் நீண்டும் இருக்கும். கடைவாய்ப் பல் இன்னொரு கணக்கு. ஆய்வக எலியில் முதல் கடைவாய்ப் பல் பிறந்து ஏறத்தாழ 19-ஆம் நாள் முளைக்கிறது. மூன்றாவது பல் முளைக்க ஐந்து வாரம் போலாகும். முளைப்பதற்கு முன்பே பல்லின் அளவு முடிவாகிவிடும். அதற்கப்புறம் அது தேயுமே தவிர வளராது. வெட்டுப்பல்லோ சாகும்வரை வளர்வது.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஒவ்வோர் அளவையும் ஒவ்வொரு காலத்தின் சாட்சியாகவே பார்க்கிறேன். கடைவாய்ப் பல்வரிசையின் நீளம் பரம்பரையையும், தாயின் வயிற்றிலும் மடியிலும் இருந்த நாட்களையும் சொல்லும். மூளைக்கூட்டின் அகலம் முதல் சில வாரங்களைச் சொல்லும். பல்லில்லா இடைவெளி எத்தனை மாதம் வாழ்ந்தது என்பதைச் சொல்லும். கன்ன வளைவும் கீழ்த்தாடையின் பின்கோணமும் எதை மென்று வாழ்ந்தது என்பதைச் சொல்லும்.

வயதைக் கேட்காமல் இனத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரம்பை எலியே நல்ல பாடம். 1830-களில் அதற்குப் பெயர் வைத்தபிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராட்டன் முதலிய அறிஞர்கள் காஷ்மீர், சிந்து என்று வெவ்வேறு இடத்து எலிகளுக்குத் தனித்தனி இனப்பெயர் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது சில தோல்களும் சில மண்டைகளும். அவற்றைக் கொண்டு அவர்கள் செய்தது கவனமான வேலை. வரிசை வரிசையாக மாதிரிகள் சேர்ந்தபிறகுதான் அந்தப் பெயர்கள் ஒரே இனத்துக்குள் அடங்கின. எல்லர்மன் எழுதி 1961-இல் வெளிவந்த இந்தியக் கொறிவிலங்குகள் நூலை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெயருக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் பழைய பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம், எலி தன் வாழ்நாளில் எவ்வளவு மாறக்கூடியது என்பது நினைவுக்கு வரும்.

டெல்டாவில் வயதுக் கேள்வி பருவத்தோடு பின்னிக்கிடக்கிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 தண்ணீர் திறப்பு. பிறகு குறுவை, சம்பா, தாளடி. நெல் பொதி கட்டிக் கதிர் முற்றும் நாட்களில் கரம்பை எலி அதிகமாகக் குட்டி போடும். அறுப்புக்குப் பிறகு பிடித்தால் இளசுகள் குவியும். கோடையில் பிடித்தால் பசியைத் தாங்கிய முதிர்ந்தவை கூடுதலாக வரும். ஒரே ஊரில் தை மாதமும் வைகாசி மாதமும் எடுத்த சராசரிகள் இரண்டு வேறு இனங்களின் சராசரிபோலத் தோன்றலாம். ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் ஆண் பெரியது. அதனால் ஒரே தேய்மானப் படியில் உள்ளவற்றை, ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்றுதான் ஒப்பிடுவேன்.

பல் தேய்மானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மண் ஒட்டிய கிழங்கையும் வேரையும் கடித்து வாழும் எலிக்குப் பல் சீக்கிரம் தேயும். அதைச் சரிபார்க்கக் கண்வில்லை உதவுகிறது. கண்வில்லை வாழ்நாள் முழுதும் வளர்வது. உலர்த்தி எடைபோட்டால் வயதை மதிப்பிடலாம் என்று 1959-இல் ரெக்ஸ்ஃபோர்ட் லார்ட் அமெரிக்கக் காட்டுமுயலில் காட்டினார். கண்ணையும் பல்லையும் சேர்த்துப் பார்த்தால் தேய்மானத்தில் எவ்வளவு வயது, எவ்வளவு உணவு என்று பிரிக்க முடியும்.

வயதைக் கழித்தபிறகு மிஞ்சும் வேறுபாட்டில் முதல் பங்கு மெல்லுதலுக்கு. எலும்பு தன்மேல் விழும் இழுப்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கொறிவிலங்குக்கு மெல்லும் தசைதான் தலையிலேயே பெரிய தசை. கன்ன வளைவிலிருந்து கீழ்த்தாடைக்கு இறங்கி, மூக்குப்பக்கம்வரை ஏறிப் பிடித்திருக்கும். 1951-இல் வாட், வில்லியம்ஸ் என்ற இருவர் ஆய்வக எலிகளில் ஒரு பிரிவுக்குக் கெட்டித் தீனியும் இன்னொரு பிரிவுக்கு மிருதுவான தீனியும் கொடுத்துத் தாடை வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த சோதனைகள் பலவும் ஒரே திசையில் பேசுகின்றன: மிருதுவான தீனியில் வளர்ந்தவற்றுக்குத் தசை சிறுக்கிறது, தசை ஒட்டும் மேடுகளும் தாடையின் பின்கோணமும் மெலிகின்றன. மரபு மாறவில்லை, சோறுதான் மாறியது. ஆகவே தென்னந்தோப்பில் குரும்பையைத் துளைக்கும் எலியின் தாடையையும், அரிசி ஆலைக் கிடங்கில் வளர்ந்த எலியின் தாடையையும் அருகருகே வைக்கும்போது, அவை வேறு குலங்கள் என்று சொல்ல என் நாக்கு எழாது. எது பிறப்பில் வந்தது, எது பல்லால் வந்தது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

அடுத்த பங்கு பசிக்கு. அர்ஜென்டினாவில் ஹெக்டர் புச்சியாரெல்லி 1980-களில் ஊட்டக்குறைவுள்ள எலிகளின் மண்டைகளைப் பகுதி பகுதியாக அளந்தார். இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று உண்டு. பசியின் அடி மண்டை முழுக்கச் சமமாக விழுவதில்லை. உடல் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு முகத்தை விட்டுக்கொடுக்கிறது. வறண்ட ஆண்டில் பிறந்த குட்டியின் மண்டையில் மூளைக்கூடு ஏறத்தாழச் சரியாகவும் முகம் சுருங்கியும் இருந்தால், அந்தப் பஞ்சத்தின் கணக்கு எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது என்றே எனக்குப் படும். தாய் பட்டினி கிடந்ததன் தடம் குட்டியின் முகத்தில் நிற்கிறது என்பதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது, எலியை இனி வெறும் பயிர்ப்பகையாகப் பார்க்க முடியாது என்று உணர்ந்தேன்.

சூழல் மாற்றும் எல்லாமே ஒரே வாழ்நாளுக்குள் நடப்பவையும் அல்ல. வெள்ளெலியின் மண்டையைக் கவிழ்த்தால் காதுக்குக் கீழே இரண்டு பெரிய குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றும் மண்டை நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. கரம்பை எலிக்கு இது சிறியது. உள்ளே காற்று நிறைந்த இந்தக் குமிழ் பெரிதாக இருந்தால் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும். மறைவில்லாத வறண்ட நிலத்தில் ஆந்தையின் இறகசைவும் பாம்பின் பாய்ச்சலும் தாழ்ந்த ஒலிகள். வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலியில் டக்ளஸ் வெப்ஸ்டர் 1960-களில் அந்தக் காற்றறையின் அளவைக் குறைத்துப் பார்த்தார். அந்த எலிகளுக்கு எதிரியிடமிருந்து தப்புவது கடினமாயிற்று. இது ஒரு குட்டி தன் வாழ்நாளில் சம்பாதித்த குமிழ் அல்ல. காது கேளாதவை தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோக, கேட்டவை விட்டுச்சென்றது.

வாழ்நாளில் வந்ததையும் தலைமுறையில் வந்ததையும் பிரிக்க ஒரே உறுதியான வழி, இரண்டு ஊர் எலிகளையும் ஒரே கூண்டில், ஒரே தீனியில் வளர்ப்பது. அதிலும் முதல் தலைமுறையை நம்பக் கூடாது, தாயின் ஊர் அதன் கருப்பையில் இருக்கும். பேரக்குட்டிகள்வரை பொறுக்க வேண்டும். தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் மனிதரோடு கப்பலில் போய் இறங்கிய வீட்டுச் சுண்டெலிகள், கடற்பறவைக் குஞ்சுகளையே தின்னும் அளவுக்குப் பெருத்துவிட்டன. மற்ற இடத்துச் சுண்டெலிகளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடை. அவற்றை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் வளர்த்தபோதும் அந்தப் பருமன் குறையவில்லை. ஆகவே அது தீவின் தீனியால் மட்டும் வந்ததல்ல, மரபாகிவிட்டது. அந்த வளர்ப்பில்தான், உடல் வேறுபாடு முதல் சில வாரங்களின் வேகமான வளர்ச்சியில் பிறக்கிறது என்பதும் தெரிந்தது. பரிணாமம் வளர்ந்த எலியைப் பிடித்து மாற்றுவதில்லை. குட்டி வளரும் வேகத்தை மாற்றுகிறது. இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் எனக்கு மிகப் பெரியது இதுவே.

அளக்கும் முறைகளும் என் கண்முன்னே மாறிவிட்டன. வெர்னியர் காலிப்பரோடு தொடங்கினோம். இப்போது மண்டையைப் படமெடுத்தோ முப்பரிமாண ஸ்கேன் செய்தோ, எலும்புகள் சந்திக்கும் இடங்களில் அடையாளப் புள்ளிகள் வைக்கிறோம். ஃபிரெட் புக்ஸ்டைன் 1991-இல் எழுதிய நூல் இந்த முறைக்கு அடித்தளம். எல்லா மண்டைகளின் புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பருமன், திசை, இருப்பிடம் மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வடிவம் மட்டும். ஆனால் கையின் ஒழுக்கம் பழையதேதான். ஒரே மண்டையை வேறொரு நாள், முந்தைய எண்ணைப் பார்க்காமல், மறுபடி அளக்க வேண்டும். இடமும் வலமும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மரபின் கட்டளை ஒன்றுதான். சிறு வேறுபாடு எஞ்சினால் அது வளர்ச்சியின் தடுமாற்றத்தைக் காட்டும். அளப்பவர் கையின் தடுமாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. வளர்ச்சி இடையூறுகளை மீறித் தன் பாதையில் திரும்ப நிற்பதைக் குறித்து வாடிங்டன் 1942-இல் எழுதினார். நூற்றுக்கணக்கான எலிகளின் இடமும் வலமும் இவ்வளவு நெருங்கி ஒத்துப்போவதைக் காணும்போது, மாறுவதைவிட மாறாமல் நிற்பதே பெரிய விந்தையாக எனக்குத் தோன்றும்.

காலம் என்ற கடைசிப் பங்கை எந்தக் கூண்டாலும் காட்ட முடியாது. அதற்கு அருங்காட்சியகம் வேண்டும். நியூயார்க் நகரத்தில் 1890-களில் பிடித்த பழுப்பு எலிகளையும் 2010-களில் பிடித்தவற்றையும் ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வந்தது: மூக்கு நீண்டிருக்கிறது, மேல் கடைவாய்ப் பல்வரிசை சுருங்கியிருக்கிறது. மினசோட்டாவில் 2013-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு கொறிவிலங்குகளின் நகரத்து மாதிரிகளுக்குக் கிராமத்தவற்றைவிட மூளைக்கூட்டின் கொள்ளளவு அதிகம் என்று கண்டார்கள். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 2025-இல் வந்த ஆய்வு, அந்நகரத்துச் சிப்மங்க் அணில்களின் மண்டை பெருத்துப் பல்வரிசை சுருங்கியதையும், வோல் எலிகளின் செவிக்குமிழ் சிறுத்ததையும் சொன்னது. நகரத்தின் இரைச்சலோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள். பல்வரிசையும் செவிக்குமிழும் வயதோடு பெரிதாக நீளாதவை என்பதால் இந்த முடிவுகளை நான் மதிக்கிறேன்.

இவை சாத்தியமானதற்குக் காரணம், நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ சாதாரண எலிகளைப் பத்திரப்படுத்தியதுதான். நம் நாட்டிலும் அந்தப் புதையல் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911 முதல் 1923 வரை நடத்திய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 25,000 மாதிரிகள் சேர்ந்தன. கிரம்ப், ஷார்ட்ரிட்ஜ் போன்ற சேகரிப்பாளர்கள் கட்டிய சீட்டுகளில் ஊரும் தேதியும் பாலும் அளவுகளும் இருக்கின்றன. அவர்கள் எலியைப் பிடித்த வயல்கள் பலவற்றில் அன்று மோட்டார் கிணறு இல்லை, இரசாயன உரம் இல்லை, மூன்று போகம் இல்லை. அதே ஊர்களில் இன்று அதே எலியை, அதே மாதத்தில், அதே தேய்மானப் படியில் எடுத்து அந்த மண்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு நூற்றாண்டு வேளாண்மை ஓர் உயிரின் எலும்பில் என்ன செய்தது என்று நேராகப் படிக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்பது இதுதான். அரிய விலங்கைத் தேடிப் போவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் ஊர் வரப்பெலியை எடுங்கள். விஷம் வைத்தும் கிட்டி வைத்தும் நாள்தோறும் கொல்லப்பட்டுக் குப்பையில் போகும் எலிகளே போதும். தனியாகக் கொல்ல வேண்டியதில்லை. ஒரே ஊரில் எல்லாப் பருவத்திலும் எடுங்கள். குட்டியையும் கிழத்தையும் ஒதுக்காதீர்கள், அவை இல்லாமல் வளர்ச்சி தெரியாது. சீட்டில் ஊர், நிலம், நின்ற பயிர், தேதி, பால், எடை, பிடித்த முறை எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதுங்கள். அந்தப் பழைய சேகரிப்பாளர்கள் நமக்கு எழுதிவைத்தது பல ஆண்டுகள் காத்துக் கிடந்து பயன்பட்டது. நாம் எழுதிவைப்பதும் அப்படித்தான் காத்திருக்கும்; எடுக்கிறவர்களுக்கு வயதும் ஊரும் அந்தச் சீட்டிலிருந்தே தெரிய வேண்டும்.